மேனேஜர் ரிங்டோன்

மூன்று வருடமாக என் கழுத்து வலிக்கிறது. நான்கு தலையணை மாற்றினேன், இரண்டு ஸ்கேன் எடுத்தேன். எலும்பெல்லாம் குழந்தை எலும்பு மாதிரி இருக்கிறதாம். அப்படியென்றால் உள்ளே அழுவது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போய்க் குப்புறப் படுத்தேன். அவர் பிடித்துவிடப் பிடித்துவிடக் கழுத்து வெண்ணெயாக இளகியது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

"என்ன சார், கழுத்து திடீர்னு கல்லாயிடுச்சு?"

"மேனேஜருங்க. அவருக்குன்னு தனி ரிங்டோன் வச்சிருக்கேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுவார்?"

"முப்பது. லிஃப்ட் ரிப்பேர் கம்பெனிங்க. லிஃப்ட்ல மாட்டினவன்கூட அவ்வளவு கூப்பிட மாட்டான்."

"அதான். புலி துரத்துதுன்னு உடம்பு எப்பவும் தயாராவே நிக்குது. இறுகின தசை இறுகினபடியே இருக்கு, தூக்கம் கெடுது, நரம்பு சின்னதுக்கெல்லாம் கத்துது. வலி நிஜம்தான், ஸ்கேன்ல தெரியாது. முதல்ல அந்த போனை..."

மேசையில் அவருடைய போன் அடித்தது. என் கழுத்திலிருந்த பத்து விரல்களும் கொக்கிகளாயின.

"யாருங்க அது?" என்றேன், மூச்சு வந்தபிறகு.

"கிளினிக் ஓனர்."

"உங்களுக்கு எங்க வலிக்குது?"

"இடுப்புல," என்றார் போனையே பார்த்தபடி. "ஆறு வருஷமா."