வெளியே வராத ஈஸ்ட்

மெல்பர்னில் ஒரு பூஞ்சை ஆய்வகத்தில் வழக்கம் ஒன்று உண்டு. சோதனையில் சொதப்பியவர் வெள்ளிக்கிழமை தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும். சியாவோசி இன்று மூன்றாவது முறையாகக் கொண்டுவந்திருந்தான். தேங்காய் கேக், அவனே சுட்டது. முதல் துண்டைப் பெரிதாக வெட்டி, கூட வேலை செய்யும் லோராவின் தட்டில் வைத்தான். லோராவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உண்மையில் சொதப்பியது அவள்தான்.

அவர்கள் ஆராயும் ஈஸ்ட் நோய் தரும் பூஞ்சை. உடம்பின் நோயெதிர்ப்புச் செல் விழுங்கினாலும் அது சும்மா கிடக்காது. உள்ளேயே இழைவிட்டு வளர்ந்து, விழுங்கியதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரேயொரு மரபணுவை நீக்கிவிட்டால் அது உள்ளேயே அடங்கிக் கிடக்கிறது என்று மார்ச் மாதம் லோரா காட்டினாள். ஆய்வகத் தலைவி ஹீதர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். இரண்டு நாள் கழித்து, அந்தச் சோதனையில் மிச்சமிருந்த அதே ஈஸ்ட்டை வளர்வதற்காகப் பரப்பி வைத்த கண்ணாடித் தட்டைத் திறந்தாள் லோரா. ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சூடாக்கிக் கொன்று வைத்திருந்த குழாயை மாற்றி எடுத்திருக்கிறாள். செத்தது எப்படி வெளியே வரும்? தட்டைக் குப்பையில் போட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வேலையைத் தொடர வந்தவன் சியாவோசி. பாவம், அவனிடம் மட்டும் மரபணு நீக்கிய ஈஸ்ட்டும் கிழித்துக்கொண்டு வந்தபடியே இருந்தது.

"என் கைதான் சரியில்ல போல," என்று சிரித்தான் அவன். "சமோவால இருக்கிற எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, இதுக்குத்தான் ப்ளேன் ஏறிப் போனியாடான்னு கேப்பாங்க."

ஹீதர் சிரிக்கவில்லை. "மூணு மாசம் ஆச்சுப்பா. இந்த வேலை உனக்கு ஒத்துவரல. திங்கக்கிழமைலேர்ந்து வேற ஏதாவது பாரு."

சியாவோசி தலையாட்டினான். அடுத்த துண்டை வெட்டத் தொடங்கினான். லோராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதற்கு மேலும் வாய் திறக்காவிட்டால் தான் ஒரு மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அவன் கை சரியாத்தான் இருக்கு, ஹீதர். நான் காட்டினது செத்த ஈஸ்ட். குழாய் மாறிப்போச்சு."

ஹீதர் கோப்பையைக் கீழே வைத்தார். ஆனால் கேட்டது சியாவோசி.

"எப்பத் தெரிஞ்சது உனக்கு?"

"மார்ச்சுலயே."

அவன் கத்தியைக் கேக் டப்பாவுக்குள் வைத்தான்.

"அப்ப நான் மொத கேக் கொண்டுவந்தப்பவே தெரியும்."

"ம்."

"நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கித் தின்னியே, லோரா."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான். லோராவின் தட்டில் அந்தப் பெரிய துண்டு மட்டும் இருந்தது.