செவிவிசிறி

பண்டத்தரிப்பில் நவரட்ணம் மாஸ்டர் வீட்டில் என்ன கறி என்பது நாலு வளவுக்கு அப்பாலும் தெரியும். மாஸ்டர் சத்தக்காரர் அல்ல. மிஷன் பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை படிப்பிக்கிற சாதுவான மனிதர். ஆனால் மனைவி மியூரியலுக்குக் காது கேளாது. கத்தரிக்காயா வாழைக்காயா என்பதைக்கூட அவர் தொண்டை கிழியக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

மியூரியலுக்குச் சின்ன வயதிலேயே காது ஒழுகும். எண்ணெயும் ஒத்தடமும் ஆஸ்பத்திரி மருந்தும் பார்த்து ஓய்ந்தார்கள். கலியாணமாகிச் சில வருடத்தில் மனிதக் குரல்கள் ஒவ்வொன்றாகத் தூரப் போய்விட்டன. பாலர் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவள், பிள்ளைகள் சொல்வது விளங்காமல் போகவே தானாகவே வேலையை விட்டாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கத்திச் சொல்லக்கூடிய பேச்சு மட்டுமே வீட்டில் மிஞ்சியதைத்தான் தாங்க முடியவில்லை. அரிசி, விறகு, ஆட்டுக்குக் குழை இவற்றையெல்லாம் கத்தலாம். புதுப்பெண்ணாக இருந்தபோது அவர் காதோரம் சொன்னவற்றை எப்படிக் கத்துவது? அவர் சொல்லாமல் விட்டார். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை, தேவாலயத்தைத் துப்புரவாக்க மியூரியலும் ஐரிசும் போனார்கள். ஐரிஸ் மாஸ்டரின் தங்கை. தேவாலயத்து ஆர்மோனியம் அவள் பொறுப்பு. ஐரிஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருக்க, மியூரியல் முழந்தாளில் நின்று ஆர்மோனியப் பெட்டியின் பக்கங்களைத் துடைத்தாள். குனிந்தபோது மேற்பல் பெட்டி விளிம்பில் பட்டென்று இடித்தது. பல் கூசியது. கூச்சத்தோடு கூடவே ஆர்மோனியத்தின் ஒரு சுரம் தலைக்குள் வந்து நின்றது.

அவள் திடுக்கிட்டு விலகினாள். சுரம் போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகப் பல்லை மறுபடி வைத்தாள். வந்தது! ஒன்றல்ல, பாட்டு முழுக்க வந்தது.

ஐரிஸ் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனாள். "மச்சாள்! என்ன, பெட்டியைக் கடிக்கிறியள்?"

மியூரியலுக்கு அது கேட்கவில்லை. வாயை எடுக்காமலே கையை ஆட்டினாள். "நிப்பாட்டாதை ஐரிஸ், வாசி!"

அன்று பின்னேரம் அவள் சொன்னதைக் கேட்டு மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு கரண்டியை அவள் பல்லுக்குள் கொடுத்து, அதன் நுனியில் தன் கைக்கடிகாரத்தை வைத்தார். அவள் கண்ணை அகல விரித்துத் தலையை ஆட்டினாள். காதின் வாசல்தான் அடைபட்டிருக்கிறது, உள்ளே வீடு நல்லாயிருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டறையில் குந்துவார். பலகைத் துண்டு, புகையிலைத் தகரம், மூங்கில் சிலாகை என்று எதெதையோ சீவி ஒட்டிப் பார்த்தார். கடைசியில் பிரம்பை வளைத்து வட்டமாக்கி, அதில் ஆட்டுத்தோலை உடுக்குப் போல இழுத்துக் கட்டி, பூவரச மரத்தில் மெல்லிய நாக்கு ஒன்று செய்து பொருத்தினார். பார்வைக்குச் சின்ன விசிறிதான். காம்பு போல நீண்ட அந்த நாக்கைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் தோலுக்குக் கிட்ட வாயை வைத்துக் கதைக்க வேண்டும்.

மியூரியல் கடித்துக்கொண்டாள். மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தார். தோலுக்குக் கிட்டக் குனிந்து, "மியூரியல்" என்றார், சும்மா கதைக்கிற குரலில்.

அவள் விசிறியை எடுத்துவிட்டு அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "உங்கடை குரல் மாறிப்போச்சு" என்றாள்.

"இவ்வளவு வருசம் கத்தினால் மாறாதே?" என்றார் அவர். விசிறி மடியில் கிடந்ததால் அது அவளுக்குக் கேட்கவில்லை. அவளே அவசரமாக அதை எடுத்துக் கடித்து, "திருப்பிச் சொல்லுங்கோ" என்று சைகை காட்டினாள். அவர் திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இப்படி ஒரு சாமானை வீட்டுக்குள் மட்டும் வைத்திருப்பது மாஸ்டருக்குப் பாவமாகப் பட்டது. மருதனார்மடத்தில் பொன்னம்பலம் என்பவர் பெரிய கடை வைத்திருந்தார். அவருடைய மகள் குணலட்சுமிக்கும் காது மந்தம் என்பது அரசல்புரசலாகத் தெரியும். மாஸ்டரும் மியூரியலும் ஒருநாள் விசிறியோடு அங்கே போனார்கள்.

பொன்னம்பலத்தின் மனைவி இரத்தினம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை. "என்ன தோல் உது? ஆட்டுத்தோலே? நாங்கள் சைவம், பிள்ளை. அதோடை, ஒருத்தர் வாயிலை வைச்ச எச்சிலை..." மீதியைச் சொல்லாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. அதுவும் நியாயம்தான் என்று திரும்பி வந்தார். தோலுக்குப் பதிலாகப் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி வார்னிஷ் பூசினார். நாக்கைக் கழற்றி மாட்டும்படி செய்தார். ஆளுக்கொரு நாக்கு, எச்சில் என்ற பேச்சே இல்லை. அடுத்தமுறை இரத்தினம்மாவால் மறுக்க முடியவில்லை. குணலட்சுமி கூச்சத்தோடு புது நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாய் குனிந்து, "என்ரை குஞ்சு, கேக்குதோ?" என்றாள். பதினெட்டு வயதுப் பெண், சின்னக் குழந்தை மாதிரிக் கையைத் தட்டினாள். பொன்னம்பலம் மற்றப் பக்கம் திரும்பிச் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"மாஸ்டர், இதை உலகத்துக்கே விக்கலாம். கொழும்புக்கு அனுப்புவம், மலாயாவுக்கும் அனுப்புவம். நீங்கள் செய்து தாருங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

மாஸ்டர் பள்ளி விடுமுறை முழுவதும் பட்டறையில் கிடந்தார். பட்டு கட்டுவது மியூரியல், வார்னிஷ் பூசுவது ஐரிஸ். பெயரும் மாஸ்டரே வைத்தார்: செவிவிசிறி. ஒரு பெட்டி நிறைய விசிறிகள் கடைக்குப் போயின. கண்ணாடி அலுமாரியில் முன்வரிசையில் அடுக்கிவைத்தார்கள்.

ஒன்றும் விலைபோகவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஓரக்கண்ணால் விலையையும் பார்ப்பார்கள், பிறகு சீனியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் கிட்ட வந்து, "தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தருக்கு" என்று தொடங்கினார். வேறு ஆள் உள்ளே வந்ததும் வசனத்தை முடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த பங்குனியில் பொன்னம்பலமே பெட்டியோடு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தது. மியூரியல் விசிறியைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"குறை நினையாதையுங்கோ மாஸ்டர். பிள்ளைக்குப் புத்தூரிலை கலியாணம் சரிவந்திருக்கு. நல்ல பெடியன், கதிரவேலு. கடையிலை உது இருந்தால், 'உனக்கெப்படி உதிலை அக்கறை வந்தது?' எண்டு நாலு பேர் கேப்பினம்." அவர் தரையைப் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டாருக்கு நாங்கள் சொல்லேல்லை."

மியூரியல் விசிறியை வாயிலிருந்து எடுத்தாள். "பிள்ளை தன்ரையை வைச்சிருக்கிறாளோ?" என்று கேட்டுவிட்டு மறுபடி கடித்துக்கொண்டாள்.

"ஓம் தங்கச்சி. தாயோடை அறைக்குள்ளை இருந்து கதைப்பாள்."

அவர் போன பிறகு மாஸ்டர் பெட்டியை மூலையில் தள்ளிவிட்டுப் பொருமினார். "இவ்வளவு நல்ல சாமான். அந்தாளுக்கு வெக்கம்!"

"நானும் இதை வாசல் படலைக்கு அங்காலை கொண்டுபோனதில்லை" என்றாள் மியூரியல். "ஆருக்குத் தெரியாது எனக்குக் காது கேளாதெண்டு? எண்டாலும் கொண்டுபோகேல்லை."

குணலட்சுமியின் கலியாணத்துக்கு அவள் செவிவிசிறியைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். பெண்கள் நடுவில் இருந்து, கதைக்க வருகிறவர்களுக்கு முன்னால் அதைக் கூசாமல் கடித்துக்கொண்டாள். சிறுசுகள் சிரித்தன, பெரியவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். மியூரியல் விசிறியை இறக்கவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் நின்ற இரத்தினம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது யாரோ மியூரியலின் கையைப் பிடித்து அரிசி மூட்டை வைக்கிற அறைக்குள் இழுத்துப் போனார்கள். பார்த்தால் மாப்பிள்ளையின் தாய், தங்கமுத்து! குணலட்சுமியின் விஷயம் வெளியே வந்துவிட்டதென்றே மியூரியல் நினைத்தாள்.

தங்கமுத்து விசிறியைச் சுட்டிக்காட்டி, பிறகு தன் காதைச் சுட்டிக்காட்டினாள்.

மியூரியலின் பையில் மாற்று நாக்கு ஒன்று இருந்தது. அதை மாட்டிக் கொடுத்து, "கேக்குதோ அம்மா?" என்றாள். தங்கமுத்து மூட்டையில் பொத்தென்று இருந்துவிட்டாள். அவள் கதைத்ததை மியூரியல் உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"எனக்கொண்டு தா பிள்ளை. ஆனால் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வாற மருமகள், செவிட்டு மாமி எண்டு இளக்காரமாய்ப் பாப்பாள்."

மியூரியலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, தன் விசிறியையே அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் மாஸ்டர், "மருமகளுக்கும் காது மந்தமெண்டு சொல்லியிருக்கலாமே?" என்றார். "இரண்டும் என்ரை கதை இல்லையே" என்றாள் அவள்.

கதிரவேலு ஒரே பிள்ளை, தாய் தனியாள். அதனால் ஊர்வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வராமல், குணலட்சுமி புத்தூருக்கே போனாள். மழைக்காலம் பிறந்ததும் ஒருநாள் மாமியும் மருமகளும் வண்டியில் பண்டத்தரிப்புக்கு வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. நடந்ததைக் குணலட்சுமிதான் சொன்னாள், மியூரியலின் விசிறிக்குக் கிட்ட வாயை வைத்து.

"வந்த நாளிலையிருந்து ஒரே மனவருத்தம் ரீச்சர். நான் கூப்பிட்டால் மாமி திரும்பியும் பாரா. மாமி கூப்பிட்டால் நான் பாக்கிறேல்லையாம். எனக்கு அவ கெறுக்கு, தலைக்கனம் எண்டு நினைப்பு, அவவுக்கு நான் கெறுக்கு எண்டு நினைப்பு. ஒருநாள் இவர் தோட்டத்தாலை வந்து படலையிலை நிண்டு கத்தியிருக்கிறார். நானும் மாமியும் குசினிக்குள்ளை, அடுப்படியிலைதான் இருக்கிறம். மதிலேறிக் குதிச்சு வந்து எங்களுக்குப் பின்னாலை நிண்டு, 'உங்கள் ரண்டு பேருக்கும் காது செவிடோ?' எண்டாராம். அதுவும் கேக்கேல்லை!"

தங்கமுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது கதிரவேலுவின் முகத்தைக் கண்டு பயந்து, மருமகள் பெட்டகத்துக்கும் மாமி தலையணைக்கும் ஓடினார்களாம். இரண்டு பேரும் ஒரே மாதிரி விசிறியோடு வந்து நின்றபோது கதிரவேலு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தானாம். இப்போது பின்னேரங்களில் ஒருவர் கதைக்க மற்றவர் கடித்துக்கொள்வார். மாமியின் விசிறி நாக்கு வெடித்துவிட்டது. புது நாக்கு வாங்கத்தான் வந்திருந்தார்கள்.

மாஸ்டருக்கு ஆசை மறுபடி துளிர்த்தது. "அப்ப இனிப் பொன்னம்பலத்தாரிட்டைச் சொல்லிக் கடையிலை வைப்பமே?"

தங்கமுத்து புது நாக்கு மாட்டிய விசிறியை வாயிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். "ஐயோ மாஸ்டர், ஊருக்குத் தெரியவோ! இது எங்கடை வீட்டுக்குள்ளை இருக்கட்டும்."

குணலட்சுமியும் தன் விசிறியை இறக்கித் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் மாஸ்டர், வேண்டாம்" என்றாள்.

வண்டி போன பிறகு மாஸ்டர் படியில் குந்தி, மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். மியூரியல் பக்கத்தில் வந்திருந்து விசிறியைக் கடித்தாள்.

"எங்கை பிழைச்சது மியூரியல்? தோலை மாத்தினன், நாக்கை மாத்தினன். இனி எதை மாத்த?"

அவள் விசிறியை இறக்கினாள். "நீங்கள் மாத்தக்கூடியதெல்லாம் மாத்திப்போட்டியள். மிச்சம் தச்சுவேலை இல்லை."

அதன் பிறகு மாஸ்டர் ஒரு கடைக்காரரிடமும் போகவில்லை. ஆனால் பெட்டி மெல்ல மெல்லக் காலியானது. பொழுதுபடுகிற நேரத்தில் யாராவது பின்வளவால் வந்து, தூரத்துச் சொந்தக்காரருக்கு என்று சொல்லி ஒன்று வாங்கிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போவார்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிப் பட்டும் வார்னிஷும் கிடையாமல் போகும்வரை மாஸ்டர் செய்து கொடுத்துக்கொண்டேயிருந்தார். மியூரியல் மட்டும் தன்னுடையதை ஊரறியச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் கொண்டுபோனாள். பாலர் வகுப்பும் அவளைத் திரும்பக் கூப்பிட்டது. பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக வந்து, ரீச்சரின் விசிறியில் பாடம் ஒப்பித்தார்கள்.