கூட்டல் குறி

சாஜிதா அதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மலர்க்கொடிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மலர்க்கொடி சென்னையில் பதினான்கு வருடம் மெயின்ஃபிரேம் என்ற பழைய பெரிய கணினிகளோடு கிடந்தவள். ஒரத்தநாட்டுப் பக்கம் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில் முதல் பட்டதாரி. மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபின் தஞ்சாவூருக்குத் திரும்பி, ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். "பழைய கம்ப்யூட்டர் சமாச்சாரமா? மலர்க்கொடி மேடத்தக் கேளுங்க" என்பார்கள். அந்த ஒரு பேச்சுதான் அங்கே அவளுக்குச் சொத்து.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் பழைய நோயாளிப் பதிவுகள் வந்திருந்தன. எல்லாம் அந்தக் காலத்தில் பிரிண்டருக்கு அனுப்புவதற்காக எழுதப்பட்ட கோப்புகள். புதிய கணினிக்கு மாற்றிப் பார்த்தால், சில நோயாளிகள் இல்லாத வார்டுகளில் படுத்திருந்தார்கள். இருபத்து நாலாம் வார்டு நூற்றிருபத்து நாலாகியிருந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்தும் மலர்க்கொடிக்குப் பிடிபடவில்லை. அவள் காலத்தில் அச்சடிக்கிற வேலைக்கு வேறு பிரிவு இருந்தது; அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை.

கூத்தாநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சாஜிதா சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் திரையில் விரலை வைத்தாள்.

"அக்கா, வரியோட முதல் எழுத்து டேட்டாவே இல்லக்கா. பிரிண்டருக்குப் போடுற உத்தரவு. ஒண்ணுன்னா புதுப் பக்கம் எடு. சைபர்னா ஒரு வரி விட்டு அடி. கூட்டல் குறின்னா பேப்பர நகத்தாம அதே வரி மேலயே திரும்ப அடி."

அந்த உத்தரவைத்தான் வார்டு எண்ணோடு சேர்த்துப் படித்திருந்தார்கள். மேலாளர் இளம்பரிதி எழுந்து நின்று கைதட்டினார். "புரோகிராம சாஜிதாவே எழுதட்டும். மேடம், நீங்க செக் பண்ணி மட்டும் குடுத்துடுங்க."

அந்த 'மட்டும்' மலர்க்கொடியின் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது. அதன்பின் சாஜிதா சிரித்தாலும் பிடிக்கவில்லை, பேசாமல் இருந்தாலும் பிடிக்கவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது முதலில் சாஜிதாவைக் கூப்பிட்டதைக்கூட எண்ணி வைத்துக்கொண்டாள்.

சாஜிதா எழுதி முடித்ததைத் திங்கட்கிழமை சரிபார்க்கும்போது மலர்க்கொடியின் கண்ணில் ஒன்று பட்டது. கூட்டல் குறியிட்ட வரிகள் பெரும்பாலும் நோயாளியின் பெயர்தான். எழுத்து அழுத்தமாய் விழுவதற்காக அதையே இரண்டாம் முறை அடித்திருந்தார்கள். அதனால் சாஜிதாவின் புரோகிராம் அந்த வரிகளை வீண் என்று தள்ளிவிட்டது. ஆனால் சில இடங்களில் கூட்டல் குறிக்குப் பின்னால் பெயர் இல்லை. அதே வரியின் வலது ஓரத்தில் விழும்படி வேறொன்று இருந்தது: 'பெனிசிலின் கூடாது.' தேடிப் பார்த்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் அந்த எச்சரிக்கை புதிய பதிவில் ஏறவில்லை.

மலர்க்கொடிக்கு முதலில் வந்தது சந்தோஷம். 'மாட்டினியா' என்று மனசு குதித்தது. வெள்ளிக்கிழமை ஒப்படைத்த பிறகு மருத்துவமனையிலிருந்தே சத்தம் வரட்டும், அப்போது தெரியும் யார் கெட்டிக்காரி என்று பேசாமல் இருந்தாள். செவ்வாய் போயிற்று. புதனன்று சாஜிதாவே வந்து நின்றாள்.

"ஒண்ணும் தப்பு இல்லையேக்கா? நீங்க பாத்துட்டா எனக்கு நிம்மதி."

"ஒண்ணுமில்ல" என்றாள் மலர்க்கொடி.

வியாழன் மதியம் சரிபார்ப்புத் தாள் கையெழுத்துக்கு வந்தது. 'எல்லா விவரங்களும் சரியாக உள்ளன' என்ற வரிக்குக் கீழே பேனாவை வைத்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் யாருக்கோ, எந்த ஊரிலோ, ஒரு நர்ஸ் ஊசியை எடுப்பது கண்ணுக்குள் வந்தது. தாளை அப்படியே எடுத்துக்கொண்டு சாஜிதாவிடம் போய்த் திரையைக் காட்டினாள்.

சாஜிதாவின் முகம் வெளுத்தது. எழுந்து நேரே இளம்பரிதியிடம் போனாள்; மலர்க்கொடியும் பின்னாலேயே போனாள். "சார், தப்பு என்னோடது. அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

"நல்ல வேளை. எப்ப பாத்தீங்க மேடம்?"

'இப்பதான்' என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"திங்கக்கிழமை சார்."

இளம்பரிதி காலண்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஒப்படைப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி போனை எடுத்தார்.

வெளியே வந்ததும் சாஜிதா கேட்டாள்: "ஏன் சொல்லல?"

"உன்னப் பாத்து வயித்தெரிச்சல்."

"அதுக்கு அந்த நோயாளிங்க உசுராக்கா கெடச்சுது?"

மலர்க்கொடி போய்த் தன் நாற்காலியைச் சாஜிதாவின் மேஜைக்கு இழுத்து வந்தாள்.

இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, வேலையைத் தவிர வேறு பேச்சில்லாமல், விட்டுப்போன வரிகளை அந்தந்த நோயாளியோடு சேர்த்தார்கள். ஒப்படைக்க ஒரு வாரம் தாமதமானது. அடுத்த வேலைக்கு இளம்பரிதி சாஜிதாவைத் தலைவியாக்கினார். மலர்க்கொடியை அந்தக் குழுவிலேயே சேர்க்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அதில் சாஜிதாவின் பெயர் மட்டும். மலர்க்கொடி இரண்டு தடவை படித்தாள். எரியத்தான் செய்தது. இருந்தாலும் எழுந்து போனாள்.

"நல்லா பண்ணியிருக்க சாஜிதா."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சாஜிதா, "ம்" என்றாள்.