ஆனந்தகுமாரின் பதிலி

ஆனந்தகுமார் பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு வேலைக்குப் போன நான்காம் நாள் காலை, கஞ்சிக்கோட்டில் அவன் வீட்டுக்கு அவனுடைய பதிலி வந்து சேர்ந்தான். அதே உயரம், அதே சுருட்டை முடி, சைக்கிளில் விழுந்து வாங்கிய அதே தழும்பு இடது புருவத்தில். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு, "பசிக்குதுங்கம்மா" என்றான். அம்மா மாராத்தாள் இரண்டு தோசை கூடுதலாக ஊற்றினாள். கம்பெனியில் நிரந்தர ஆள் ஒருவன் லீவு போட்டால், கேட்டுக்கு வெளியே காத்து நிற்கிறவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு அவன் இடத்தில் நிறுத்துவார்கள். அவனுக்குப் பதிலி என்று பேர். முப்பது வருஷம் அப்படியே பழகிப்போன ஊர் என்பதால், வீட்டுக்கும் பதிலி வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த லைனில் இருந்த பதினோரு வீடுகளில் நான்கில் ஏற்கெனவே பதிலிகள் இருந்தார்கள். துபாய்க்குப் போனவனுக்கு ஒருவன், பெங்களூரில் நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு ஒருத்தி, இப்படி. அந்த வாரம் தக்காளி விலை ஏறியதைப் பற்றித்தான் பெண்கள் அதிகம் பேசினார்கள்.

ஆனந்தகுமார் பிறந்த வருஷம், அவன் அப்பா குருசாமி வேலை பார்த்த இரும்புக் கம்பெனியில் இரண்டாவது உலையை ஏற்றினார்கள். அவன் நடக்கப் பழகுவதற்குள் சுற்றியிருந்த நெல்வயலெல்லாம் கம்பெனிகளாகிவிட்டன. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். முதல் மழைக்கு ஓட்டுத் தண்ணீர் கறுப்பாக விழும். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வாளையார் வரை வரிசை கட்டி நிற்கும். அவனுக்குப் பதினெட்டு வயதானபோது உலைகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. குருசாமியின் கம்பெனியும் மூடியது. மெஷின்களைப் பிரித்து விற்ற பிறகும் அதன் புகைபோக்கி மட்டும் மூன்று வருஷம் புகைந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் சலித்துப்போய் நின்றுவிட்டது. அந்த இடத்தில் இப்போது குளிர்பானப் பெட்டி அடுக்கும் கிடங்கு இருக்கிறது.

குருசாமிக்கு வாழ்நாள் பெருமை என்று ஒன்றே ஒன்றுதான். இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தால் பதிலியை நிரந்தரமாக்க வேண்டும் என்பதால், கம்பெனிக்காரர்கள் இருநூற்று முப்பத்தொன்பதாம் நாளே ஆளை வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். குருசாமியும் இன்னும் பதினோரு பேரும் கேட்டுக்கு முன்னால் நாற்பத்தாறு நாள் சமரம் செய்து, பட்டினி கிடந்து, அந்த வழக்கத்தை ஒழித்தார்கள். கம்பெனி மூடிய அன்று ஆனந்தகுமார் ஆத்திரத்தில், "நிரந்தரமாயி என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்டுவிட்டான். அன்றோடு குருசாமி மகனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆறு வருஷம் எல்லாம் மாராத்தாள் வழியாகவே நடந்தது. மோட்டார் மெக்கானிக் படித்த மகன் மூன்று கம்பெனிகளில் சேர்ந்தான். மூன்றும் அவன் சேர்ந்த வருஷமே மூடின. கடைசியில் ஒரு ஜூன் மாதம், பள்ளிவாசலில் தேயிலைச் சரிவில் இருக்கும் ரிசார்ட் ஒன்றுக்குத் தண்ணீர் மோட்டார் பார்க்கிற வேலைக்கு, பொள்ளாச்சி வழியாகப் பஸ் ஏறினான். அப்பா வாசலுக்குக்கூட வரவில்லை.

பதிலி வந்த செய்தியை அம்மா போனில் சொன்னபோது அவன் சந்தோஷமே பட்டான். கேஸ் சிலிண்டரைத் தூக்க வீட்டில் ஓர் ஆள் இருக்குமே என்று நினைத்தான். அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் நீடித்தது. பதிலி பாகற்காயை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறானாம். ஒழுகின கூரைக்கு ஓடு மாற்றிவிட்டானாம். ரேஷன் கடை மெஷின் அவன் கட்டைவிரலை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதாம். ஆனந்தகுமாருக்கு ஐந்து தடவை தேய்த்தால்தான் பதியும். இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். ஓணத்துக்கு முந்தின வாரம் மாராத்தாள், "உங்கப்பா அவங்கூட நல்லாப் பேசறாருடா கண்ணு. சாயங்காலம் அஞ்சரை ஆனா ரெண்டு பேரும் வண்டியில டீக்கடைக்குப் போயிடறாங்க" என்றாள். அன்றைக்கு அவன் வயிற்றில் பற்றிய எரிச்சல், ரிசார்ட்டின் எந்தக் குழாய்த் தண்ணீருக்கும் அணையவில்லை. வீடியோவில் காட்டச் சொன்னான். அப்பா பதிலியின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. எப்போது விழுந்தது என்று இவனுக்குத் தெரியாது. பதிலிக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு அவன் சின்னத்தனமாக நடந்துகொண்டான் என்பதை மறைப்பதற்கில்லை. பதிலிக்கு முட்டை போடாதீர்கள் என்று அம்மாவிடம் சொன்னான். தன் போர்வையைக் கொடுக்க வேண்டாம் என்றான். "ஏங்கண்ணு, நீயும் அவனும் வேறயா?" என்று அவள் கேட்டதும் போனை வைத்துவிட்டான். அவன் கதையைக் கேட்ட ரிசார்ட் தோட்டக்காரர் சூசையப்பன், "ஒன் சோத்த இன்னொருத்தன் திங்கான். நீ இங்ஙன கெடந்து மோட்டாரத் தொடச்சிக்கிட்டிருக்க. போயி அவன வெரட்டி விட்டுட்டு வாடே" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பொறாமைக்காரனுக்கு நல்ல யோசனை எங்கே ஏறுகிறது? அவன் போகும் வரை நான் வீட்டுப்படி மிதிக்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு, ஓணத்துக்கும் போகவில்லை, தீபாவளிக்கும் போகவில்லை, பொங்கலுக்கும் போகவில்லை. குருசாமியின் மகனாகப் பிறந்தும், உலகத்தில் எதை எண்ண வேண்டுமோ அதை அவன் எண்ணாமல் விட்டான்.

பிப்ரவரியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கிளம்பி வந்து கதவைத் தட்டினான். பதிலிதான் திறந்தான். "வாங்க, வாங்க. பஸ்சுல உக்கார எடம் கெடச்சுதுங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தான். ஆனந்தகுமார் தண்ணீரைத் தொடவில்லை. நேராக அப்பாவிடம் போய், "இவன அனுப்பீருங்கப்பா. நான் வந்துட்டேன்" என்றான். குருசாமி எழுந்து, போன வருஷக் காலண்டரையும் இந்த வருஷக் காலண்டரையும் ஆணியிலிருந்து எடுத்து வந்து மடியில் விரித்தார். நாளுக்கு ஒரு டிக் போட்டிருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணி முடித்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"இருநூத்தி நாப்பத்தி மூணு. ஒரு நாளுங்கூட அவன் லீவு போடலை."

"நான் உங்க பையனுங்கப்பா."

"அதை ஆரு இல்லைன்னது? பட்டினி கெடந்து கேட்டு வாங்குன நாயம்டா இது. கம்பெனிக்கு ஒரு நாயம், எம்பட ஊட்டுக்கு ஒரு நாயம்னு வெக்க முடியாது. அவன் நிரந்தரம். அவன் லீவு போடற அன்னிக்கு நீ வா. பதிலி லிஸ்ட்டுல மொதப் பேரு உன்னுது."

மாராத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனால் அவளும் அது தப்பு என்று சொல்லவில்லை. நிரந்தர ஆளுக்கு மாதம் இரண்டு நாள் லீவு என்று குருசாமியே தீர்மானித்தார். முதல் லீவு மறுநாளே. காலையில் மலம்புழா அணை பார்க்கக் கிளம்பிய பதிலி, வாசல் தாண்டியதும் ஆனந்தகுமாரைத் தனியே கூப்பிட்டான். பார்க்க, கண்ணாடியில் தன் முகமே கோபமாக நிற்பதுபோல இருந்தது.

"எட்டு மாசமுங்க. டீக்கடையில உக்காந்தா உங்க பேச்சுத்தானுங்க. நீங்க ஆறாப்புப் படிக்கையில கெணத்து மோட்டாரைப் பிரிச்சு மாட்டுனது, ஒருக்கா யானை பாத்துட்டு வந்து மூணு நாள் காச்சலாக் கெடந்தது, எல்லாமுங்க. எம்பேச்சு ஒரு நாளும் வந்ததில்லீங்க. உங்களக் கண்டாலே எனக்கு வவுறு எரியுதுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஆனந்தகுமார் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். தன்னைப் பற்றி அப்பா வாயாலேயே கேட்கப் போகிறோம் என்று காத்திருந்தான். குருசாமி டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு ஆரம்பித்தார். பதிலி ஓடு மாற்றிய விதம், பதிலி பாகற்காய் தின்கிற விதம், பதிலிக்கு இருக்கிற பொறுமை, அந்த மாதிரி ஒரு பிள்ளை லைனிலேயே கிடையாது என்பது. இரண்டு டீ முடியும் வரை வேறு பேச்சில்லை. ஆனந்தகுமாரின் வயிறு முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. ஆனாலும் அவன் மூன்றாவது டீ சொன்னான்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மாதம் இரண்டு நாள் தவறாமல் ஊருக்கு வந்து, டீக்கடையில் உட்கார்ந்து, பதிலியின் பெருமையைக் கேட்டுவிட்டுப் போகிறான். மற்ற நாட்களில், பள்ளிவாசலில் மணி ஐந்தரை ஆனதும் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, மோட்டார் அறைக்கு வெளியே கல் மேல் உட்கார்ந்துவிடுகிறான். ரிசார்ட்டில் எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் அரைமணி நேரத்துக்கு எழுந்திருப்பதில்லை. முதல் தடவை சூசையப்பன், "என்னடே, மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. எங்கப்பா என்னப் பத்திப் பேசிட்டு இருக்காருங்க" என்றான் ஆனந்தகுமார்.

சூசையப்பன் தலையை ஆட்டிவிட்டு, திறந்து கிடந்த குழாயைத் தானே மூடிவிட்டுப் போனார்.