எட்டில் வைத்தால் பூட்டிக்கொள்ளும்

"சொல்லிடு. அவ வந்ததும் சொல்லிடு, ஒரே ஒரு வரி..."

"மாட்டேன்னா மாட்டேன், எத்தனை தடவை..."

"அவ என் தங்கச்சி!"

"தெரியாமலா இருக்கு? அந்த ஒரே காரணத்துக்காகத்தானே பத்தொன்பது வருஷமா வாயை மூடிட்டு இருக்கேன்."

"ஏம்மா, அதை இன்னுமா..."

"இன்னுமாதான். நீங்க வெளியே போய் டீ குடிக்கறதுன்னா குடிச்சிட்டு வாங்க."

என் கணவர் போகவில்லை. எங்கள் கடை எட்டடி அகலம், பன்னிரண்டடி நீளம். அதற்குள் சண்டை போட்டால் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும். அவர் முன்னால் உட்கார்ந்து ரசீது எழுதுவார். நான் பின்னால் விளக்கடியில் திருப்புளியும் கையுமாகக் கேமராக்களைப் பிரித்து மாட்டுவேன். வருகிறவர்கள் என்னை டாக்டரம்மா என்பார்கள், அவரைக் கம்பவுண்டர் என்பார்கள். இரண்டுக்கும் அவர் சிரிப்பார். எல்லாவற்றுக்கும் சிரிப்பார். அதுதான் எனக்கு அவரிடம் ஆகாத குணம்.

மேசையில் கிடந்தது என் நாத்தனாருடைய கேமராவும் லென்ஸும். கேமரா, ஃபிலிம் கேமராக்களிலேயே கடைசியாக வந்த வகை. லென்ஸ் அதைவிடப் பத்து வயது மூத்தது. கேமரா செய்த கம்பெனியுடையது இல்லை, வெளிக் கம்பெனிச் சரக்கு. அசல் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். கண்ணாடி நல்ல கண்ணாடி. ஃபோகஸ் சர்ரென்று ஓடிப் போய்ச் சரியான இடத்தில் நிற்கும்.

கோளாறு வேறு இடத்தில். இந்த மாதிரிக் கேமராவும் லென்ஸும் மின்சாரத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. கேமரா கேட்கும், லென்ஸ் பதில் சொல்லும். வெளிக் கம்பெனிக்காரன் அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் படித்துக்கொண்டு லென்ஸ் செய்தான். அந்தக் காலத்துக் கேமராக்களோடு அது வாய் நிறையப் பேசும். பிறகு வந்த கேமராக்கள் பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டன. அவற்றில் மாட்டினாலும் ஃபோகஸ் ஆகும். அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுசாகத் திறந்து வைத்திருக்கும் வரை படமும் எடுக்கும். ஒரு படி குறைத்தால் போச்சு. ஷட்டர் பாதியில் நிற்கும், கேமரா பூட்டிக்கொள்ளும், பேட்டரி குறி மின்னும். பேட்டரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

இதைத்தான் சொல்லிவிடு என்றார் என் கணவர். சொன்னால் என் நாத்தனார் ஒன்று லென்ஸை மாற்றுவாள், இல்லையென்றால் முழுசாகத் திறந்து வைத்து எடுப்பாள். சொல்லாவிட்டால் துளையைச் சுருக்கி எட்டாம் எண்ணில் வைப்பாள்; எண் ஏற ஏறத் துளை சின்னதாகும். அவளை எனக்குத் தெரியும். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை ஒவ்வொரு மயிரும் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குச் சின்னத் துளைதான் சரி. அவள் பெயர் பெற்றதே அதில்தான்.

பெயர் என்றதும் வயிறு எரிகிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் வெள்ளம் வந்தது. மூழ்கிப்போன பேருந்தின் கூரை மேல் ஒரு பெண் உட்கார்ந்து, ஏதோ தன் வீட்டு அறையில் இருப்பது போல, நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் எட்டு மாத வயிற்றோடு மாடி ஜன்னலில் சாய்ந்து அவளை எடுத்தேன். ஒரே ஒரு படம். மறுநாளே வலி எடுத்துவிட்டது. ரோலைக் கழுவி வை என்று நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளையோடு திரும்பியபோது அந்தப் படம் பத்திரிகையில் வந்திருந்தது. கீழே அவள் பெயர். பரிசு, பேட்டி, அழைப்பு எல்லாம் அதிலிருந்துதான். கேட்டதற்கு அவள் சொன்னது ஒரே வரி. "நெகட்டிவ் என்கிட்டதான் இருக்கு அண்ணி, உங்ககிட்ட என்ன இருக்கு?" அண்ணன்காரர் சொன்னது அதைவிடச் சின்ன வரி. "குடும்பத்துக்குள்ளதானே."

இப்போது அவளுடைய படங்கள் புத்தகமாக வரப்போகின்றன. முதல் பக்கத்தில் அந்தப் பேருந்து. அட்டையில் ஒரு ஓய்வு பெற்ற நீதிபதியம்மா. முப்பது வருஷமாக எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டாத அவரிடம் பதிப்பாளர் நடையாய் நடந்து இருபது நிமிஷம் வாங்கியிருக்கிறார். ஃபிலிமில்தான் எடுக்க வேண்டும் என்பது பதிப்பாளரின் பிடிவாதம். ஃபிலிமைத் தொட்டுப் பதினைந்து வருஷமான என் நாத்தனார் ஒரு பழைய கேமராவும் சல்லிசாக ஒரு லென்ஸும் வாங்கி, துடைத்துக் கொடுங்கள் அண்ணி என்று என்னிடமே கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அன்று காலை பதினொரு மணிக்கு நீதிபதி வீடு. பத்தரைக்கு அவள் கடைக்குள் நுழைந்தாள்.

"ஆச்சா அண்ணி?"

"ஆச்சு. உள்ளே கொஞ்சம் பூஞ்சை இருந்தது. துடைச்சிட்டேன்."

"லென்ஸ் எப்படி? விலை கம்மியா இருக்கேன்னு வாங்கிட்டேன். ஏமாந்துட்டேனா?"

"கண்ணாடி முதல் தரம்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் கேமராவை எடுத்துத் தன் அண்ணனைக் குறி பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் சிரி. உன் முகத்துக்குச் சிரிப்பைத் தவிர வேற போக்கிடம் இல்லை." சர்ரென்று ஃபோகஸ் ஓடியது. படக், படக், படக். நான் முழுசாகத் திறந்துதான் வைத்திருந்தேன். ஒரு தடவை அவள் விரல் அப்பர்ச்சர் சக்கரத்தை உருட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். விரல் அதன் மேல்தான் இருந்தது. அவள் கேமராவை இறக்கிவிட்டாள்.

என் கணவர் என்னையே பார்த்தார். சரி, இவருக்காகச் சொல்கிறேன் என்று முடிவு செய்தேன்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அப்பர்ச்சரை முழுசா திறந்தே வெச்சு எடு. குறைக்கவே குறைக்காத."

"ஏனாம்?"

"ஃபிலிமை விட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு உனக்கு. கை பழக்கம் போயிருக்கும். குறைச்சு வெச்சா வெளிச்சம் பத்தாது, படம் நடுங்கிடும். திறந்து வெச்சா உன்னை மாதிரி இருக்கிறவங்களுக்குச் சுலபம்."

அவள் மூக்கு விடைத்ததைப் பார்த்தேன். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

"என்னை மாதிரியா? கண்ணை மட்டும் பளிச்சுன்னு வெச்சுட்டு மீதியெல்லாம் புகைமூட்டமா எடுக்கறது கத்துக்குட்டிங்க வேலை அண்ணி. நான் எட்டுக்குக் கீழே இறங்கினதா யாராவது சொல்லட்டும் பார்ப்போம். நீங்க உங்க திருப்புளியைப் பார்த்துக்கங்க."

"சரிம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். உங்க அண்ணன் சாட்சி."

அவள் போன பிறகு அவர் கேட்டார். "இதுக்குப் பேரு சொல்றதா?"

"சொன்னேனா, சொல்லலையா?"

"சொன்ன விதம்..."

"ஓ, விதம் வேற வேணுமா உங்க தங்கச்சிக்கு?"

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் போனை எடுத்தார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பண்ணுங்க. தாராளமா பண்ணுங்க. தங்கச்சிக்காகப் பதறத் தெரிஞ்ச மனுஷன் பொண்டாட்டிக்காக அன்னைக்கு ஏன் பதறலைன்னு, அதையும் அவகிட்டயே கேட்டுடுங்க."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, எழுத ஒன்றும் இல்லாமல், மூடினார். நான் ஒரு சின்ன ஸ்பிரிங்கை நான்கு தடவை மாட்டினேன், நான்கு தடவையும் துள்ளி விழுந்தது. பயம் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு இருக்குமே, அந்தப் பரபரப்பு.

இரண்டரை மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

"என்ன பண்ணி வெச்சீங்க இதை?"

"எதை?"

"முதல் படமே! முதல் படமே எடுக்கலை அண்ணி. எட்டுல வெச்சு அழுத்துறேன், பாதியில நிக்குது, பேட்டரி மின்னுது. பதிப்பாளர் ஓடிப்போய்ப் புது பேட்டரி வாங்கிட்டு வர்றார். போட்டேன். மறுபடி நிக்குது. மறுபடி ஓடுறார், வேற கடை, வேற பேட்டரி. அந்தம்மா நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துட்டு இருக்காங்க. 'என் கோர்ட்டுல ரெண்டு வாய்தாவுக்கு மேல குடுத்ததில்லைம்மா'ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. அவங்க வீட்டு வேலைக்காரங்க முன்னாடி, பதிப்பாளர் முன்னாடி... எனக்குக் காதெல்லாம் எரியுது."

"அடடா."

"அடடாவா? பதிப்பாளர் கையைக் காலைப் பிடிச்சு இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் வாங்கியிருக்கார். நாளைக்கு அந்தம்மா மக வீட்டுக்குக் கிளம்பறாங்க, வெளிநாடு. வாடகைக் கடை மூணு ஏறி இறங்கிட்டேன், ஃபிலிம் கேமராவுக்கு ஒண்ணும் இல்லைங்கறான். நான் வெச்சிருக்கிற மத்த லென்ஸ் எல்லாம் வேற கம்பெனி, இதுல உட்காராது. அண்ணி, என்னதான் ஆச்சு இதுக்கு?"

நான் லென்ஸைக் கழற்றினேன். மேசை இழுப்பறையிலிருந்து என் சொந்தக் கேமராவை எடுத்தேன். மூலையில் டேப் ஒட்டியது, லென்ஸின் வயதுதான் அதற்கும். மாட்டினேன். எட்டில் வைத்து அழுத்தினேன். படக். பதினொன்று. படக். பதினாறு. படக். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து அத்தனை தடவை எடுத்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துகொள்வதில் அவள் கெட்டிக்காரிதான்.

"பழைய கேமராவுல வேலை செய்யும். என்னோடதுல செய்யாது. இது உங்களுக்குத் தெரியும்."

"முழுசா திறந்து வெச்சு எடுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நான் கேக்கவே கூடாதுங்கற மாதிரி சொன்னீங்க."

"கேக்காதது யாரு?"

"அண்ணே, இவங்க வேணும்னே பண்ணியிருக்காங்க. நீயும் கூடவே உட்கார்ந்திருந்தியா?"

அவர் சிரிக்கவில்லை. அன்றுதான் முதல் தடவையாக அவர் முகத்தைச் சிரிப்பு இல்லாமல் பார்த்தேன்.

நாத்தனார் கையை நீட்டினாள். "சரி, ஜெயிச்சிட்டீங்க. திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. அட்டைப்படத்தைத் திறந்து வெச்சுப் புகைமூட்டமா எடுக்க மாட்டேன், இப்ப அந்தக் கேமராவைக் குடுங்க. மணி மூணாகப் போகுது."

"குடுக்கறேன். உன்கிட்ட எனக்கு என்ன பகை? அதுக்கு முன்னாடி ஒரே ஒரு போன் பண்ணு."

"யாருக்கு?"

"பதிப்பாளருக்கு. புத்தகத்துல முதல் பக்கம் என்ன படம்?"

அவள் கை கீழே இறங்கியது. வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்து அடித்துப் போனது.

"அண்ணி, அது... அதை இப்ப மாத்தினா என்னை யார் மதிப்பாங்க? எனக்கு அடையாளமே அதுதானே."

"எனக்கும் அதுதான். பேருந்து மேல தலை வாரிட்டிருந்த அந்தப் பொண்ணு எந்தக் கையில சீப்பு வெச்சிருந்தான்னு உனக்கு நெகட்டிவைப் பார்த்தாத்தான் தெரியும். நான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

"புத்தகம் வரட்டும். ரெண்டாவது பதிப்புல சத்தியமா மாத்திடறேன்."

"அஞ்சு மணிக்கு அந்தம்மாகிட்டயும் அதையே சொல்லு. ரெண்டாவது பதிப்புக்குப் படம் எடுக்க வர்றேன்னு."

அவள் தன் அண்ணன் பக்கம் திரும்பினாள். சின்ன வயதிலிருந்து அடி விழும்போதெல்லாம் திரும்பும் அதே திரும்பல். அவர் எழுந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், இதோ வருகிறது, குடும்பத்துக்குள்ளதானே. அவர் கடைப் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"பண்ணும்மா."

அவ்வளவுதான் சொன்னார்.

அவள் எண்ணைத் தட்டினாள். ஸ்பீக்கரில் போடு என்று சைகை காட்டினேன். போட்டாள். மணி இரண்டு தடவைகூட அடிக்கவில்லை.

"சொல்லுங்க மேடம்! கேமரா சரியாச்சா?"

"ஆச்சு. வந்து... முதல் பக்கத்துப் படத்துக்குக் கீழே இருக்கிற பேரை மாத்தணும்."

"பஸ் படமா? ஏன் மேடம், அது நீங்க எடுத்த படம்தானே?"

"இல்லை, எங்க அண்ணி எடுத்தது."