வெயில் நனைந்த மதியம்

அன்று நாலு மணிக்கு எங்கள் மாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, எங்கள் மகள், என் மனைவியின் தம்பியான எலக்ட்ரீஷியன், புது நூலகத்தின் தலைமை நூலகர் அம்மா. ஆறாவதாகத் தானும் இருந்ததாக யார் சொன்னாலும் நம்பவேண்டாம்.

மூன்று தலைமுறையாகச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வேலையில் ஒரு சொட்டு தரையில் விழுந்ததில்லை. முதல் கோட் நன்றாகக் காயாமல் இரண்டாவதைத் தொட்டதுமில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் மகள் ஓவியம் போட வந்தாள். வரட்டும். ஆனால் மரம், மலை என்று ஒன்றும் போடமாட்டாள். ஆறடித் துணி முழுக்க மஞ்சள். அது காய்ந்தபின் மேலே மெல்லிய கரும்பச்சை. அவ்வளவுதான். பெயர், 'வெயில்'.

"வெயில் எங்கேம்மா?"

"மரத்தடியில உக்காந்திருக்கோம்னு வெச்சுக்கோங்கப்பா. மேல நிழல், அடியில வெயில்."

"அடியில இருந்தா யாருக்குத் தெரியும்?"

"அத்தான், பச்சையடிச்சவன் மரத்தைப் போடாம சாப்பிடப் போயிட்டான் போல" என்றான் மைத்துனன். வாயை மூடச் சொன்னேன். படம் எனக்கும் புரியவில்லைதான். ஆனால் பூச்சில் குறை சொல்ல ஆள் கிடையாது.

நூலகத்தின் வாசிப்பறைக்கு ஒரே ஒரு படம் வேண்டும். அதைப் பார்க்கத்தான் நாலு மணிக்கு நூலகர் வருவதாக இருந்தது. ஏற்கெனவே மூன்று இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு மாமன் கடையில் பல்பு விற்கப் போவதாக மகள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்பவள். என் மகள்.

மேல்கோட் காயட்டும் என்று மதியம் படத்தை மாடியில் கிடத்தினோம். "வானத்தைப் பாத்துக்கோங்கப்பா" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள்.

மூன்று மணிக்கு மழை வந்தது. நாலே நிமிஷமாம், பெரிய பெரிய துளிகளாம். நான் ஏன் படத்தைத் தூக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். துளி விழுந்த இடமெல்லாம் பச்சை கரைந்து, வட்ட வட்டமாக மஞ்சள் எட்டிப் பார்த்தது.

மகள் மேலே வந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வாரம்ப்பா."

"அத்தான், வெயிலுக்கு அம்மை போட்டிருக்கு!"

"இவன் ஒருத்தன்! பச்சையை எடுத்து மேல இன்னொரு கை இழுத்துடேன்டி" என்றாள் என் மனைவி.

"பூசி மெழுகி வேலையை ஒப்படைக்கிற வழக்கம் இந்த வீட்டில இல்ல. உள்ளதைக் காட்டு" என்றேன். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. மகள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

நூலகர் மூச்சு வாங்க ஏறி வந்தார். படத்தைப் பார்த்தார்.

"பழைய கட்டடத்துல என் ஜன்னலோரம் ஒரு மரம் இருந்துச்சு. மூணு மணிக்கு என் மேசை மேல வெயில் இப்படித்தான் விழும். பக்கத்தைப் புரட்டவே மனசு வராது" என்றார். "எப்படிம்மா வரைஞ்சே?"

தானே வைத்த புள்ளிகள் என்று சொல்லிவிட்டால் போதும். என் மகள் எழுந்து நின்றாள். "புள்ளி நான் வைக்கலைங்க. மழை வெச்சது."

நூலகர் படத்தை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அடியில மஞ்சளை வெச்சது யாரு?"

"நான்தான்."

"அப்போ கையெழுத்தைப் போடு. வண்டிக்குச் சொல்லிடறேன்."

"போடும்மா, போடு! என் பல்பை நானே வித்துக்கறேன்" என்று கத்தினான் மைத்துனன்.

படம் இப்போது வாசிப்பறையில் இருக்கிறது. அதனடியில் உட்காருபவர்கள் கண் கூசுவதுபோல் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொள்வதை நானே பார்த்தேன்.

மகளைக் கரையேற்ற அந்தப் புள்ளிகளை நான்தான் தூரிகையால் வைத்தேன் என்று சொந்தக்காரர்களிடையே ஒரு பேச்சு ஓடுகிறது. அது பொய். நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அன்று மூன்று மணிக்கு நான் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.