பொருந்தக் கூடாத இரண்டு பாதி

டாரிங்கா வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது துணி வெட்டப்பட்டிருந்தது.

சமையலறை மேசை மேல் துண்டுகளை ஒழுங்காக அடுக்கி, பறந்துவிடாமல் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்திருந்தாள், மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்திருந்த அக்கா யகோடா. அடுப்பில் காப்பி பொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக யாராவது உள்ளே வந்திருந்தால் வீட்டுக்காரி யகோடா என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? பாரு, உன் வேலைய முடிச்சுட்டேன். கல்யாணம் தலைக்கு மேல நிக்குது, நீ இன்னும் அளவுக் காகிதத்தைத் தடவிக்கிட்டு இருக்க. நாளைக்கு மிஷின்ல போட்டு ஓட்டிருவேன்."

டாரிங்கா கைப்பையைக் கீழே வைக்கவில்லை. முதுகுத் துண்டுகள் இரண்டையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். தோளோடு தோள், விளிம்போடு விளிம்பு, இம்மி பிசகாமல் பொருந்தின. அந்த இரண்டு பாதியும் பொருந்தவே கூடாது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது அவள் முதுகெலும்பு வளைய ஆரம்பித்தது. வலது பக்கம் முதுகு புடைத்து மேலே ஏறிவிட்டது, இடது தோள் சரிந்து இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குத் துணி தைத்ததெல்லாம் யகோடாதான். ரியெக்கா துறைமுக ஊரில் பேர் வாங்கிய தையல்காரி. இடது தோளுக்குள் பஞ்சை அடைப்பாள், பஞ்சு தெரியாமலிருக்க உள்துணி கொடுப்பாள், உள்துணி நிற்க விறைப்புத் துணி வைப்பாள். கண்ணாடியில் பார்த்தால் தங்கை நேராக நிற்பாள். ஆனால் அப்படித் தைத்த கோட்டின் கனம் முழுக்கச் சரிந்த தோளில் தொங்கும். சாயங்காலம் தொலைபேசி நிலையத்திலிருந்து திரும்பும்போது கழுத்து நரம்பு விண்விண் என்று தெறிக்கும். ஊர் மெச்சுவதற்காக டாரிங்கா இத்தனை வருடம் ஒரு மூட்டையைச் சுமந்திருக்கிறாள்.

இந்த ஒரு கோட்டாவது கனமே இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பஞ்சு இல்லாமல், உள்துணி இல்லாமல், தன் உடம்பு எப்படியோ அப்படியே வெட்டிய ஒரு கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு அக்கா மகள் லொரெடானாவின் கல்யாணத்தில் நிற்க வேண்டும்.

துணியைத் தேடித்தான் குளிர்காலத்தில் அக்காவோடு பஸ் ஏறி எல்லை தாண்டி இத்தாலியின் ட்ரியெஸ்டே போனாள். பட்டும் கம்பளியும் கலந்து நெய்த துணி, மாதுளைத் தோலின் நிறம். கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. கடைக்காரன் அதைக் காற்றில் வீசிக் காட்டினான், அது இறங்கி வர நேரம் பிடித்தது. அந்தச் சுருளில் அவ்வளவுதான் மிச்சம், இனி வராது என்றான். எல்லையில் சுங்கம் கட்டாமல் கொண்டுவர எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் டாரிங்காவும் செய்தாள். கடைக் கழிப்பறையில் துணியை உடம்பைச் சுற்றிக் கட்டி, மேலே கவுன் போட்டுக்கொண்டாள். சுங்க அதிகாரி பஸ்ஸில் ஒவ்வொருத்தியையும் எழுப்பித் தடவிப் பார்த்தான். டாரிங்காவின் முதுகைப் பார்த்ததும் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இத்தனை வருஷத்துல உன் முதுகு இன்னிக்குத்தான்டி சம்பாதிச்சுக் குடுத்திருக்கு!" என்று யகோடா கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. டாரிங்காவும் சிரித்துத் தொலைத்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு இருக்கிறதே! ஜெர்மன் தையல் பத்திரிகையில் வந்த கோட்டின் அளவைக் காகிதத்தில் எடுத்து, பழைய படுக்கை விரிப்பில் வெட்டி ஓட்டுத்தையல் போட்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே நின்று தன் முதுகுக்குத் தானே குண்டூசி குத்தினாள். கை எட்டாது. எட்டினால் ஊசி சதையில் ஏறும். ஒரு விரிப்பு வீண், இன்னொன்றும் வீண். கடைசியில் எங்கேயும் இழுக்காமல், எங்கேயும் பைபோல் தொங்காமல் ஒன்று வந்தது. அதைப் பிரித்துக் காகிதத்துக்கு மாற்றியபோது வலது முதுகு அகலமாகவும் நீளமாகவும் இருந்தது, இடது முதுகு ஒடுங்கித் தோளில் சரிந்து இருந்தது. துணியை இரண்டாக மடித்து வெட்டக் கூடாது, ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக வெட்ட வேண்டும். 'வலம்', 'இடம்' என்று பெரிதாக எழுதியும் வைத்திருந்தாள்.

"எந்தக் காகிதத்தை வச்சு வெட்டின?" என்று கேட்டாள் டாரிங்கா.

"பத்திரிகையில வந்ததுதான். நீ போட்டது ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்ல. நீ எங்கயோ தப்புப் பண்ணிட்டன்னு நினைச்சு..."

"பொய் சொல்லாத, யகோடா. எது வலம், எது இடம்னு எழுதி வச்சிருக்கேன். உனக்குப் படிக்கத் தெரியாதா, இல்ல என் முதுகைத் தெரியாதா?"

யகோடா காப்பிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். பூசி மெழுகுவதை விட்டுவிட்டாள்.

"சரி, தெரிஞ்சுதான் வெட்டினேன். இப்ப என்னங்கற? இடது பக்கம் பஞ்சு வச்சு உள்துணி குடுத்தாச் சரியா நிக்கும். வலது பக்கம் கொஞ்சம் பிடிக்கும். ஒரு நாள்தானே, பொறுத்துக்க மாட்டியா?"

"உள்துணி போடறதுக்கா இந்தத் துணியை உடம்புல சுத்திக்கிட்டு வந்தேன்? கோணிச்சாக்குல தைச்சுக் குடுத்திருக்கலாமே!"

"கத்தாத. சாக்ரெப் பட்டணத்துலேர்ந்து மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வர்றாங்க. மாப்பிள்ளையோட அம்மா ஒவ்வொருத்தரையா அளவெடுக்கற மாதிரி பார்ப்பா. படமும் எடுப்பாங்க. 'உங்க தங்கச்சிக்கு இருக்கறது வம்சத்துல வர்றதா'ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? லொரெடானா நாளைக்குப் பிள்ளை பெத்துக்க வேண்டியவ."

டாரிங்காவுக்கு ஒரு நிமிடம் காது அடைத்துக்கொண்டது. இத்தனை வருடப் பஞ்சும் அன்பில் வைத்தது என்றல்லவா நினைத்திருந்தாள்! அழுகை வந்திருந்தால் யகோடா கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்து அன்றைக்கே பஞ்சை அடைத்திருப்பாள். நல்ல வேளையாக வந்தது ஆத்திரம்தான்.

"கேட்டா என்கிட்ட அனுப்பு. பதில் நான் சொல்றேன். மிச்சத் துணி எங்க?"

யகோடா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"எங்கன்னு கேட்டேன்!"

"நீளவாக்குல ஒரு துண்டுதான்டி மிஞ்சிச்சு. சும்மாதானே கிடக்கும்னு என் தொப்பிக்குச் சுத்திட்டேன். ரெண்டு பேரும் பொருத்தமா இருக்கலாமேன்னு..."

தன் முதுகுக்குக் கொடுக்காத துணி அவள் தலைக்குப் போய்விட்டது! டாரிங்கா வெளியே நடந்தாள். வாடைக்காற்று மலையிலிருந்து இறங்கித் தெருவையே புரட்டிக்கொண்டிருந்தது. யகோடா பின்னாலேயே ஓடி வந்தாள், "ஏய், நில்லுடி, ஊர் பார்க்குது" என்று. பார்க்கட்டுமே.

யகோடாவின் வீட்டுக் கதவைத் திறந்தது லொரெடானா. தொப்பி அலமாரி மேல் மாதுளை நிறத்தில் மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருந்தது. டாரிங்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்.

"உனக்கும் நான் நேரா நிக்கணுமா, லொரெடானா?"

லொரெடானா தரையைப் பார்த்தாள். "ஒரு நாள்தானே, சித்தி."

அம்மா சொன்ன அதே வார்த்தை! வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். டாரிங்கா நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். சரசரவென்று மடிப்புகள் அவிழ்ந்து துண்டு முழு நீளத்துக்கும் தொங்கியது. உள்ளே இருந்த பழுப்பு வைக்கோல் தொப்பி மொட்டையாக நின்றது. அதை யகோடாவின் கையில் திணித்தாள்.

"என் வீட்டுச் சாவியக் குடு."

"என்னடி இது, நான் உன் அக்கா..."

"சாவி."

யகோடா கொடுத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அவமானமா கோபமா என்று டாரிங்கா நின்று பார்க்கவில்லை.

வீடு திரும்பி வெட்டிய துண்டுகளை விரித்துப் பார்த்தாள். இடது பக்கம் துணி அதிகம், வலது பக்கம் குறைச்சல். அதிகத்தை வெட்டி எறியலாம். இடது தோளைச் சரித்து வெட்டினாள், அக்குள் வளைவை அதே அளவுக்கு இறக்கினாள், முதுகை ஒடுக்கினாள். வலது முதுகைத் தோளிலிருந்து அடிவரை கத்தரிக்கோலால் நேராகப் பிளந்தாள். அதைச் செய்யும்போது யகோடாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிளந்த இடத்தில் தொப்பித் துண்டை வைத்துச் சேர்த்தாள், புடைப்புக்கு மேல் அகலமாக, கீழே போகப் போகக் குறுகலாக. தொப்பியில் தைத்திருந்த ஊசித் துளைகள் எல்லாம் தையலுக்குள் போகும்படி பார்த்துக்கொண்டாள். அடிமடிப்புக்கு விட்டிருந்த துணியை வலது பக்கம் இறக்கிவிட்டாள். இரண்டு பக்கமும் ஒத்திருக்க இடது முதுகிலும் அதே போல் ஒரு தையல் ஓட்டியிருக்கலாம், யகோடாவாக இருந்தால் ஓட்டியிருப்பாள். டாரிங்கா ஓட்டவில்லை.

கல்யாணத்தன்று திர்ஸாட் மலை மாதா கோயில் வாசலில் காற்று யாரையும் விட்டுவைக்கவில்லை. ஆண்களின் கோட்டுகள் விறைத்துப் புடைத்தன, பெண்கள் கவுனைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். டாரிங்காவின் கோட்டு எழும்பி, அவளோடு சேர்ந்து இறங்கியது. கழுத்தில் வலி இல்லை. தோளில் ஏதாவது இருக்கிறதா என்று அவளே இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

புகைப்படக்காரர் ஆட்களை வரிசைப்படுத்தினார். "அம்மா, நீங்க கடைசி வரிசை. அந்த உயரமானவருக்குப் பின்னாடி."

"யார் சொன்னது?"

அவர் கண் யகோடா பக்கம் போய் வந்தது. டாரிங்கா நேராக முன்வரிசைக்குப் போய் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றாள். லொரெடானா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அரை அடி நகர்ந்து இடம் விட்டாள்.

"இடது தோளைக் கொஞ்சம் தூக்குங்கம்மா."

"அது இத்தனை வருஷமா அங்கதான் இருக்கு. உனக்காக ஏறி வராது. எடு!"

மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தாள், மேலும் கீழும். டாரிங்காவும் அவளை அதே போல் மேலும் கீழும் பார்த்தாள். அந்த அம்மாதான் முதலில் கண்ணை எடுத்தாள்.

அந்தப் படத்தை யகோடா தன் வீட்டில் மாட்டவில்லை. டாரிங்கா சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள். மற்றவர்களின் உடுப்பெல்லாம் காற்றில் கசங்கியிருக்கிறது. அவள் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் அவள் நிற்கிற மாதிரியே அது நிற்கிறது. பின்னால் நிற்கும் யகோடா தொப்பியில்லாமல், தலை கலைந்து, கேமராவைப் பார்க்காமல் தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று தேடுகிற தையல்காரியின் கண்.

இப்போதெல்லாம் யகோடா மணியடித்துவிட்டுத்தான் வருகிறாள். வந்து உட்கார்ந்ததும் அவள் கண் அந்தப் படத்துக்குத்தான் போகிறது, கோட்டில் இல்லாத சுருக்கத்தை இன்னும் தேடுகிறது. மன்னிப்பு என்ற வார்த்தை இதுவரை வரவில்லை. நன்றாகத் தேடட்டும் என்று டாரிங்கா காப்பியை அடுப்பில் வைக்கிறாள்.